59 சொற்கள், ஒரு செமஸ்டர்: இத்தாலிய அரசியலமைப்பின் வழியே சொல்வளம் பெருக்குதல் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆங்கிலவழி மாஸ்டர்ஸ் படிக்க டுரினுக்கோ மிலானுக்கோ ரோமுக்கோ போகும் மாணவர் பி1 அளவு (ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் மூன்றாம் படி; பி2 அதற்கு அடுத்தது) இத்தாலியன் கற்றுவிட்டால் கடைத்தெருவிலும் ரயில் நிலையத்திலும் சமாளித்துவிடுவார். உதவித்தொகை அறிவிப்பைக் கையில் எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் மாணவர் அலுவலகம், விடுதி, தேர்வு விதிமுறை, உதவித்தொகை எல்லாம் பெரும்பாலும் இத்தாலியனில்தான் நடக்கின்றன. இரண்டு பக்கம் படிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும். படித்த பிறகும் பாதி ஊகமாகவே நிற்கும்.

உடனே கை தேடுவது தன் துறையின் கலைச்சொல் பட்டியலை. அதில் செலவாகும் நேரம் பெரும்பாலும் வீண். தெர்மோதினாமிகா, இபோதெஸி, அல்கோரித்மோ போன்றவை ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பார்த்ததுமே பிடிபடும். பிடிபடாவிட்டால் பாடநூலே வரையறை தந்துவிடும். யாரும் வரையறுக்காத சொற்கள்தான் காலை வாருகின்றன: ரெந்தெரெ, ப்ரீவோ, க்ராதோ, மெட்ஸோ, என்த்ரோ. இவற்றில் பலவற்றை மாணவர் ஏற்கெனவே பார்த்திருப்பார், ஆனால் வேறு பொருளில், வேறு துணையோடு. பல்கலைக்கழக மட்டத்தில் சேர்க்க வேண்டிய சொல்வளத்தில் பெரும்பகுதி, தெரிந்த சொற்களின் தெரியாத சேர்க்கைகள். ஒரே ஒரு பனுவலை வைத்து, 12 வாரப் பயிற்சியில் அவற்றை எப்படிப் பிடிப்பது என்பதே இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

பனுவல்: ஏன் அரசியலமைப்பு

இத்தாலியக் குடியரசின் அரசியலமைப்பு 1947 டிசம்பர் 22 அன்று நிறைவேறி, 1948 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 139 பிரிவுகள். இறுதி வாக்கெடுப்புக்கு முன் வரைவின் மொழிநடையைச் செப்பனிட இலக்கிய விமர்சகர் பியெத்ரோ பங்க்ராட்ஸியிடம் கொடுத்தார்கள். 1951 கணக்கெடுப்பில்கூட மக்களில் பாதிப் பேருக்கு மேல் தொடக்கப்பள்ளிச் சான்றிதழ் இல்லாத நாடு அது. குடிமக்கள் படித்துப் பார்க்கும் நடையில் சட்டம் இருக்க வேண்டும் என்ற கவலைக்குக் காரணம் இருந்தது.

அந்தக் கவலை எவ்வளவு தூரம் பலித்தது என்று மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ பின்னாளில் எண்ணிப் பார்த்தார். மூலப் பனுவலில் மொத்தம் 9,369 சொற்கள். திரும்பத் திரும்ப வருவதைக் கழித்து, வேர்ச்சொல்லாக எண்ணினால் 1,357. அவற்றில் 1,002 சொற்கள், அதாவது 74 விழுக்காடு, அவரே தொகுத்த 'அடிப்படைச் சொற்தொகுதி'யைச் சேர்ந்தவை. அந்த 1,002 சொற்களே பனுவலின் ஓட்டத்தில் 92 விழுக்காட்டை நிரப்புகின்றன.

அடிப்படைச் சொற்தொகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1980-ல் வந்த முதல் பட்டியலில் சுமார் 7,000 சொற்கள். 2016-ல் வந்த புதுப்பித்த பட்டியலில் சுமார் 7,500. மூன்று அடுக்குகள். முதல் அடுக்கு, ஏறத்தாழ 2,000 'அடிப்படை'ச் சொற்கள். எந்தப் பனுவலை எடுத்தாலும் சுமார் 86 விழுக்காடு இவையே. இரண்டாவது, ஏறத்தாழ 3,000 'மிகுபயன்' சொற்கள். இன்னுமொரு 6 விழுக்காடு. மூன்றாவது அடுக்கு விசித்திரமானது: உணவகம், டிராக் சூட், ஹேர் ஸ்ப்ரே போல எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் எழுத்தில் அபூர்வமாகவே வருகிற ஏறத்தாழ 2,500 சொற்கள். தேவைப்பட்டால் யார் வாயிலும் உடனே வரும் என்பதால் இவற்றுக்கு 'உயர் கைவசம்' என்று பெயர்.

உதவியில்லாமல் ஒரு பனுவலைப் படித்துப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்பிப்போர் பரவலாக ஏற்கும் அளவு. 92 என்றால் பன்னிரண்டு பதின்மூன்று சொற்களுக்கு ஒன்று இடறும். அகராதியோடு படிக்க ஏற்ற கடினம். அதைவிடக் கூடினால் படிப்பு நின்று தேடல் மட்டுமே மிஞ்சும். இன்னொரு வசதி, இந்தச் சட்டத்தின் சொற்கள் அப்படியே பல்கலைக்கழக அறிவிப்புகளுக்குள் நடந்து வருகின்றன. மாணவர் உதவித்தொகைக்கு அடிப்படையே இதன் 34-ஆவது பிரிவுதான்.

அந்தப் பிரிவைத் தமிழில் சொன்னால்: பள்ளி எல்லோருக்கும் திறந்தது. குறைந்தது எட்டு ஆண்டுகள் அளிக்கப்படும் கீழ்நிலைக் கல்வி கட்டாயமானது, இலவசமானது. திறமையும் தகுதியும் உள்ளோர், வசதி இல்லாதவராயினும், கல்வியின் மிக உயர்ந்த படிகளை எட்ட உரிமை உடையவர்கள். படிப்பு உதவித்தொகை, குடும்பங்களுக்கான உதவிப்பணம், பிற உதவி ஏற்பாடுகள் ஆகியவற்றால் குடியரசு இந்த உரிமையை நடைமுறையில் உண்மையாக்குகிறது. அவை போட்டித் தெரிவின் மூலம் வழங்கப்பட வேண்டும்.

இத்தாலியனில் நான்கு வாக்கியங்கள், 59 சொற்கள், 302 எழுத்துகள். பனுவலின் கடினத்தை அளக்க 1988-ல் ரோமின் லா ஸாபியென்ட்ஸா பல்கலைக்கழகத்தில் உருவான குல்பேஸ் குறியீட்டை இதில் போட்டுப் பார்க்கலாம். கால்குலேட்டர் இருந்தால் போதும். வாக்கிய எண்ணிக்கையை 300-ஆல் பெருக்கி, அதிலிருந்து எழுத்து எண்ணிக்கையின் பத்து மடங்கைக் கழித்து, சொல் எண்ணிக்கையால் வகுத்து, 89-ஐக் கூட்ட வேண்டும். விடை 58. 60-க்குக் கீழே போனால் நடுநிலைப்பள்ளிப் படிப்போடு நின்றவருக்குக் கடினம். 40-க்குக் கீழே போனால் மேல்நிலைப்பள்ளி முடித்தவருக்கும் கடினம். பி1-இலிருந்து பி2-க்கு ஏறுபவர் 50 முதல் 60 வரையுள்ள பனுவல்களில் நிற்பது நல்லது. மூன்றாம் பிரிவின் இரண்டாம் பத்தி 46 சொற்களில் ஒரே வாக்கியம். அதை முதல் வாரமே எடுப்பது தவறு.

வாக்கியம் வாக்கியமாக

ஒரு முன்குறிப்பு: இத்தாலியச் சொற்கள் இங்கே தமிழெழுத்தில் இருக்கின்றன. படிப்பவரின் மனன அட்டையில் (ஒருபுறம் கேள்வி, மறுபுறம் விடை) அவை இத்தாலிய எழுத்தில் மட்டுமே இருக்க வேண்டும். காரணம் கீழே வருகிறது.

முதல் வாக்கியம் எளிது. 'அபெர்தா ஆ' – இன்னாருக்குத் திறந்தது. சொல்லைத் தனியாக எடுக்காமல் பின்னால் வரும் 'ஆ'வோடு சேர்த்து எடுத்தால் நூலகம், கருத்தரங்கு, பயிற்சி வகுப்பு என எந்த அறிவிப்பிலும் அடையாளம் தெரியும்.

இரண்டாம் வாக்கியத்தில் 'இம்பர்தீரெ' என்ற வினை. கல்வி, பாடம், உத்தரவு, ஆசீர்வாதம் ஆகியவற்றை 'அளிப்பது'. பரிசு கொடுப்பதற்கோ பணம் கொடுப்பதற்கோ இதைப் போட்டால் சிரிப்பார்கள். எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும் என்று மூன்றைக் குறித்துவைத்தால் போதும். அதே வாக்கியத்தில் 'இஸ்த்ருட்ஸியோனெ' என்ற பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் சுட்டு (ஆர்ட்டிகிள்) உயிரெழுத்தைச் சந்தித்துச் சுருங்கிவிடுவதால் ஆண்பாலா பெண்பாலா என்பது தெரியாது. 'இன்ஃபெரியோரெ' என்ற அடைமொழியும் இருபாலுக்கும் பொது, காட்டிக்கொடுக்காது. அடுத்து வரும் 'இம்பர்தீதா'வின் ஈற்றில்தான் பெண்பால் என்று தெரிகிறது, 'ஒப்லிகதோரியா' அதை உறுதி செய்கிறது. ஆகவே அட்டையில் ஏற வேண்டியது 'கட்டாயக் கல்வி' என்ற ஜோடி. எஸாமெ, அப்பெல்லோ, அதெனேயோ (தேர்வு, தேர்வுச் சுற்று, பல்கலைக்கழகம்) எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்: பாலைக் காட்டும் அடைமொழி ஒன்றோடு கட்டிவிடுவது.

மூன்றாம் வாக்கியத்தில்தான் சரக்கு. 'ப்ரீவி தி மெட்ஸி': வசதி இல்லாதவர்கள். ப்ரீவோ என்பது எதுவோ ஒன்று இல்லாமல் இருப்பதைச் சொல்லும் அடைமொழி. 'தி' இல்லாமல் வராது. பால், எண்ணுக்கேற்ப நான்கு வடிவம் எடுக்கும். 'ப்ரிவாதோ' (தனியார்) கண்ணுக்கு இதன் தம்பி போலத் தெரிந்து குழப்பும். இரண்டையும் ஒரே நாளில் கற்கக் கூடாது. 'மெட்ஸோ' பி1 மாணவருக்கு 'அரை' என்று மட்டும் தெரியும்: அரைக் கிலோ, அரை மணி. பன்மையில் அது பண வசதி. 'மெட்ஸி பூப்லிச்சி' (பொது வாகனங்கள்) என்றால் பேருந்தும் டிராமும். 'பெர் மெட்ஸோ தி' என்றால் 'வழியாக'. ஒரே சொல்லுக்கு நான்கு அட்டைகள் போட்டாலும் தகும், ஆனால் ஒரே வாரத்தில் போட்டால் நான்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். பனுவலில் சந்திக்கும்போது மட்டும் அடுத்த அட்டையைச் சேர்க்க வேண்டும்.

'ரஜ்ஜூன்ஜெரெ' – எட்டுதல். இதன் குடும்பம் பெரிது: ஜூன்ஜெரெ (வந்து சேர்), அஜ்ஜூன்ஜெரெ (கூட்டிச் சேர்), கொன்ஜூன்ஜெரெ (இணை). ஒன்றின் இறந்தகால வடிவம் தெரிந்தால் மற்ற மூன்றும் தெரியும். பெயர்ச்சொல்லாக மாறும்போது சறுக்கல் காத்திருக்கிறது. எட்டுதல் 'ரஜ்ஜூன்ஜிமென்தோ', வழங்குதல் 'அத்ரிபுட்ஸியோனெ'. எந்த வினை மென்தோ விகுதியை ஏற்கும், எது ட்ஸியோனெயை ஏற்கும் என்பதற்கு நம்பத்தக்க விதி கிடையாது. கல்விப்புல இத்தாலியன் வினையைப் பெயராக்கியே பேசும்: '20 கிரெடிட்டை எட்டினால்' என்று சொல்லாது, '20 கிரெடிட்டின் எட்டுதல்' என்றே எழுதும். எனவே ஒவ்வொரு வினை அட்டையின் பின்புறத்திலும் அதன் பெயர்ச்சொல் இருந்தே ஆக வேண்டும். இதைத் தவிர்த்தவர்கள் பி2 எழுத்துத் தேர்வில் இல்லாத சொற்களைத் தாமே படைப்பார்கள்.

'க்ராதோ' – படி, நிலை, டிகிரி வெப்பம். இதிலிருந்து இரண்டு முக்கியக் கிளைகள். 'எஸ்ஸெரெ இன் க்ராதோ தி' – செய்யும் ஆற்றலோடு இருத்தல். 'முடியும்' என்பதற்கு எப்போதும் பொதேரெயையே போட்டுக்கொண்டிருக்கும் மாணவரை பி1-இலிருந்து வெளியே இழுக்கும் தொடர் இது. இன்னொன்று 'க்ரதுவதோரியா' – தரவரிசைப் பட்டியல். உதவித்தொகை, விடுதி, சேர்க்கை எல்லாவற்றுக்கும் முதலில் தற்காலிகப் பட்டியல், பிறகு இறுதிப் பட்டியல் என்று இதே சொல்தான் வரும்.

நான்காம் வாக்கியத்தில் இரண்டு பொறிகள். 'ரெந்தெ எஃபெத்தீவோ' என்பதை ஆங்கிலத்தின் உந்துதலில் 'பயனுள்ளதாக்குகிறது' என்று படிப்பது தமிழ் மாணவர் எளிதில் செய்யக்கூடியது. பயனுள்ளது 'எஃபிகாச்செ'. எஃபெத்தீவோ என்றால் உண்மையில் இருப்பது, ஏட்டோடு நிற்காதது. மூன்றாம் பிரிவிலும் 'அனைத்துத் தொழிலாளர்களின் உண்மையான பங்கேற்பு' என்ற இடத்தில் இதே சொல் வருகிறது. இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் பொருள் மறக்காது. 'ரெந்தெரெ'யோ, பின்னால் ஓர் அடைமொழியோடு சேர்ந்து 'ஆக்குதல்' என்ற வேலையைச் செய்கிறது: பொதுவில் அறிவித்தல், கடினமாக்குதல், கட்டாயமாக்குதல். 'ஃபாரெ'யைப் போட்டு ஒப்பேற்றும் பழக்கத்தை இங்கேதான் வெட்ட முடியும்.

இரண்டாவது பொறி 'பெர் கொங்கோர்ஸோ'. ஆங்கில ஒலியொற்றுமையால் கூட்டம், மண்டபம் என்றெல்லாம் மனம் ஓடும். டிஎன்பிஎஸ்சி எழுதிய தமிழருக்கு விளக்கவே தேவையில்லை: போட்டித் தேர்வு, போட்டித் தெரிவு. அரசு வேலைக்கும் முனைவர் பட்ட இடத்துக்கும் இதே சொல். சுட்டு இல்லாமல் 'பெர்' மட்டும் வருவதைக் கவனிக்க வேண்டும்.

போர்ஸா (கைப்பை, பங்குச்சந்தை, உதவித்தொகை), அஸ்ஸேஞ்ஞோ (காசோலை, உதவிப்பணம்) இரண்டிலும் பெரிய சிக்கல் இல்லை. அஸ்ஸேஞ்ஞோவின் பின்புறம் 'அஸ்ஸெஞ்ஞாரெ' (ஒதுக்கு) என்ற வினையை எழுதிவைத்தால் போதும். 'ப்ரொவ்விதென்ட்ஸெ' பன்மையில் உதவி ஏற்பாடுகள்; ஒருமையில் இறையருள். அடையாளம் கண்டால் போதும், பேச்சில் தேவைப்படாது.

எதை எடுப்பது, எதை விடுவது

ஒவ்வொரு தெரியாத சொல்லுக்கும் அட்டை போடுவது முதல் மாதத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். வடிகட்ட எளிய வழி இருக்கிறது. தெ மௌரோவின் அகராதி இன்டெர்நாட்ஸியோனாலெ இதழின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஈரெழுத்துக் குறி இருக்கும். எஃப்ஓ (அடிப்படை), ஏயூ (மிகுபயன்) என்றிருந்தால் எழுதவும் பேசவும் வருமளவு கற்க வேண்டும். ஏடி (உயர் கைவசம்) என்றால் கேட்டதும் புரிந்தால் போதும். சிஓ என்பது படித்தோரின் பொதுச்சொல். ஒரே வாரத்தில் இரண்டு முறை கண்ணில் பட்டால் எடுக்கலாம். டிஎஸ் கலைச்சொல், தன் துறையாக இருந்தால் மட்டும். எல்இ (இலக்கியம்), ஓபி (வழக்கொழிந்தது), பியூ (அருகிய வழக்கு) என்றால் தாண்டிப் போய்விடலாம். ஒரே சொல்லின் முதல் பொருளுக்கு எஃப்ஓ, ஐந்தாம் பொருளுக்கு டிஎஸ் என்றும் இருக்கும். பனுவலில் வந்த பொருளின் குறியையே பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் முதல் வரியோடு திரும்பிவிடுவது பரவலான பிழை.

பட்டியலையே அகரவரிசையில் மனப்பாடம் செய்யும் ஆசையும் சிலருக்கு வரும். அப்படிச் செய்தால் அஸ்ஸெஞ்ஞாரெ, அஸ்ஸேஞ்ஞோ, அஸ்ஸென்தெ, அஸ்ஸென்ட்ஸா என ஒத்த முகங்கள் வரிசையாக வந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். பட்டியலின் பயன் சோதனைக்கு. முதல் அடுக்கின் 2,000 சொற்களில் இருபதாவது சொல் ஒவ்வொன்றையும் எடுத்தால் 100 வரும். பொருள் தெரிந்தால் மட்டும் மதிப்பெண் இல்லை; சரியான சுட்டோடும் ('தி', 'பெர்' போன்ற) முன்னிடைச்சொல்லோடும் ஒரு சிறு தொடர் சொல்ல வர வேண்டும். 85-க்குக் கீழே வந்தால் அரசியலமைப்பை மூன்று வாரம் தள்ளிவைத்துவிட்டு அடித்தளத்தைப் பூசுவதே நல்லது.

அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்றைக் காட்டலாம். முன்புறம்: 'திறமையும் தகுதியும் உள்ளோர், ______ வசதி ஆயினும்' என்ற மூல வாக்கியம் இத்தாலியனில், ஒரு கோடிட்ட இடத்தோடு, கீழே சிறிய எழுத்தில் தமிழ்க் குறிப்பு 'இல்லாத (ஆண்பால் பன்மை)'. பின்புறம்: ப்ரீவி தி, அழுத்தக் குறி, பெயர்ச்சொல் 'ப்ரிவட்ஸியோனெ', தானே எழுதிய ஒரு பல்கலைக்கழக வாக்கியம், உதாரணமாக 'ஜன்னல் இல்லாத அறை' – இதில் வடிவம் பெண்பால் ஒருமைக்கு மாறிவிடும். ஒலிப்பதிவு ஒன்று. அவ்வளவுதான். ஒரு சொல்லும் அதன் ஆங்கில இணையும் மட்டும் இருக்கும் அட்டைகளை எறிந்துவிடலாம். அவை எஃபெத்தீவோ பொறியை வளர்க்கவே உதவும்.

ஆங்கியோ வேறு செயலியோ, ஒரு நாளுக்கு 8 புதிய அட்டைகள், வாரம் ஐந்து நாள். 12 வாரத்தில் 480. மீள்பார்வைக்கு வரும் பழைய அட்டைகள் புதியவற்றின் ஏழெட்டு மடங்கில் வந்து நிற்கும், அதாவது நாளொன்றுக்கு அறுபதை ஒட்டி. இருபது நிமிட வேலை. உற்சாகத்தில் 25 என்று தொடங்கியவர் மூன்றாம் வாரம் தினமும் இருநூறு அட்டைகளோடு மல்லுக்கட்டுவார், நான்காம் வாரம் செயலியைத் திறக்கவே மாட்டார். பலமுறை தவறிய அட்டையை ஆங்கி தானாகவே அடையாளமிடும், அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். அதை அப்படியே மறுபடி உயிர்ப்பிப்பதில் பயனில்லை; வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

காது செய்யும் குழப்பம்

தமிழெழுத்தில் உச்சரிப்பை எழுதிவைப்பது ஏன் ஆகாது என்பதற்குப் 'பாங்கா' ஒன்றே சாட்சி. இத்தாலியனில் வங்கிக்கும் பெஞ்சுக்கும் முதல் எழுத்து மட்டுமே வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. பகர, தகர, ககரங்களின் ஒலிப்பை இடம் பார்த்து மாற்றும் நம் பழக்கம் இன்னும் ஆழமான இடத்தில் கடிக்கிறது. இத்தாலியனில் 'தாகம்', 'வளாகம்', 'ஏழு' என்று மூன்று சொற்கள். ஏழில் தகரம் இரட்டித்து ஒலிக்கும். தமிழருக்கு அது கைவந்த கலை, ஆங்கிலேயர் படும் பாடு நமக்கில்லை. தாகத்தில் ஒற்றைத் தகரம், வல்லொலி. இரண்டு உயிருக்கு நடுவே நாம் அதை இயல்பாகவே மெலித்து 'சேதெ' என்போம். அப்படிச் சொன்னால் அது வளாகம் ஆகிவிடும். 'எந்த சேதெ' என்பது அலுவலகத்தில் தினமும் கேட்கும் கேள்வி என்பதால், இந்த மூன்றையும் மூன்று ஒலிப்பதிவு அட்டைகளாக முதல் வாரமே போட்டுவிடுவது நல்லது.

ஞகரம் நம்மிடம் இருப்பது இன்னொரு வசதி. அஸ்ஸேஞ்ஞோ தமிழ் வாயில் சிரமமில்லாமல் வரும். 'ஃபமீல்யெ' (குடும்பங்கள்) என்பதில் வரும் ஒலிக்கு ளகரத்தைப் பிடித்துக்கொள்வது தவறு; நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தில் பட வேண்டும்.

அழுத்தம் தனிக் கதை. இத்தாலிய எழுத்தில் கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் மட்டுமே குறி கட்டாயம். மற்ற இடங்களில் படிப்பவரே அறிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் முதல் 12 பிரிவுகளின் தலைப்பான 'அடிப்படைக் கோட்பாடுகள்' என்பதிலேயே முதல் அசையை அழுத்தினால் அது 'அடிப்படை இளவரசர்கள்' ஆகிவிடும். இரண்டாம் அசையை அழுத்த வேண்டும். 34-ஆவது பிரிவில் 'இலவச' என்பதற்கு அழுத்தம் ஊகாரத்தில்: க்ரதூயிதா. இதை இத்தாலியர்களே பலர் தவறாகச் சொல்கிறார்கள் என்பது ஆறுதலாக இருக்கலாம், தேர்வில் சலுகை தராது. 'தேவோனோ' (அவர்கள் ...வேண்டும்) போன்ற பன்மை வினைகளில் முதல் அசை. அட்டையில் அழுத்தம் விழும் உயிரின் மேல் கையால் ஒரு கோடு போட்டுவைப்பதே தீர்வு.

12 வாரம்

முதல் இரண்டு வாரம் 34, 33 ஆகிய பிரிவுகள் மட்டும். 33-ஆவது, கலையும் அறிவியலும் சுதந்திரமானவை, அவற்றைக் கற்பிப்பதும் சுதந்திரமானது என்று தொடங்குகிறது. பல்கலைக்கழகத் தன்னாட்சி, அரசுத் தேர்வு பற்றிய சொற்கள் அதில் உண்டு. 'ஓர்தினெ', 'க்ராதோ' இரண்டும் இணைந்து 'எல்லா வகை, நிலைப் பள்ளிகளும்' என்று வரும் அலுவலகத் தொடரும் அதில் உண்டு. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை முதல் 12 பிரிவுகள், வாரம் மூன்று. மூன்றாம் பிரிவின் அந்த 46 சொல் வாக்கியம் ஆறாம் வாரத்துக்கு. அதில் 'தி ஃபாத்தோ' (நடைமுறையில்), 'தி ஓர்தினெ எகோனோமிகோ' (பொருளாதார வகைப்பட்ட) என்ற இரண்டும் கட்டுரை எழுதக் கை கொடுக்கும். 'எக்வல்யான்ட்ஸா' (சமத்துவம்) இன்று பெரும்பாலும் உகரத்தில் தொடங்கும். அட்டையில் இன்றைய வடிவமே ஏற வேண்டும். 55-ஆவது பிரிவு முதல் தொடங்கும் இரண்டாம் பாகத்தை, சட்டமோ அரசியலோ படிக்காதவர்கள் தொட வேண்டாம். நாடாளுமன்ற நடைமுறைச் சொற்கள் வேறெங்கும் உதவாது.

ஏழாம் வாரம் அரசியலமைப்பை மூடிவிட்டு உண்மையான 'பாந்தோ'வுக்கு, அதாவது உதவித்தொகை அறிவிப்புக்குப் போக வேண்டும். பியெமோன்தேயில் எதிசு, எமிலியா-ரொமாஞ்ஞாவில் எர்கோ, தொஸ்கானாவில் திஎஸ்ஸு என்று மண்டலத்துக்கு மண்டலம் அமைப்பு வேறு. பழைய ஆண்டு அறிவிப்புகளும் தளங்களில் கிடைக்கும். முதல் பக்கத்தைத் திறந்ததுமே 'திறமையும் தகுதியும் உள்ளோர், வசதி இல்லாதவராயினும்' என்ற தொடர் கண்ணில் படலாம். 2012-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்ட ஆணை ஏறத்தாழ அதே சொற்களை எடுத்தாள்கிறது. இங்கே புதிதாகச் சேரும் சொற்களில் சில பணத்தோடு சம்பந்தப்பட்டவை. 'என்த்ரோ': அந்தத் தேதிக்குள். 'ஃப்ரா இரண்டு மாதம்' என்றால் இரண்டு மாதம் கழித்து. 'என்த்ரோ இரண்டு மாதம்' என்றால் அதற்கு முன்பே. மாற்றிப் புரிந்துகொண்டால் விண்ணப்பம் போச்சு. 'பேனா லெஸ்க்ளுஸியோனெ': தவறினால் தகுதிநீக்கம். 'தொமாந்தா': கேள்வி என்று முதல் பாடத்தில் படித்தது, இங்கே விண்ணப்பம். 'ஃபுவோரி சேதெ': வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கிப் படிப்பவர், தொகை கூடுதல், வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது 'இதோனெயோ'. பட்டியலில் தன் பெயருக்கு எதிரே இதைக் கண்டு வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். அதன் பொருள் தகுதி உடையவர் என்பது மட்டும்தான். தகுதி உண்டு, நிதி போதாததால் பணம் இல்லை என்ற வகை தனியாக இருக்கிறது. பக்கத்தில் 'பெனெஃபிச்சாரியோ' இருக்கிறதா, அதற்கு முன் 'நோன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபோனை எடுக்கலாம்.

கடைசி மூன்று வாரம் வாய்க்கு. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வு மிகப் பரவலானது. மதிப்பெண் 30-க்கு, தேர்ச்சி 18. தேர்வு 'எழுதுவது' அங்கே 'ஸொஸ்தெனேரெ'. அதே வினை ஒரு கருத்தை வாதிடுவதற்கும், ஒருவரைத் தாங்குவதற்கும் வரும். தேர்ச்சி பெறுவது 'ஸுபெராரெ'. கிடைத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் மறுத்துவிட்டு அடுத்த சுற்றில் உட்காரலாம், அதற்கு 'ரிஃபியுதாரெ'. ஆய்வு வழிகாட்டி 'ரெலதோரெ'. விரிவுரை 'லெட்ஸியோனெ', 'லெத்தூரா' என்பது வாசிப்பு. 'அர்கொமென்தோ' சண்டை அல்ல, பெரும்பாலும் பேசுபொருள். 'ஃப்ரெக்குவென்ட்ஸா' வருகைப்பதிவு.

இந்தப் பனுவல் தராதவை

அரசியலமைப்பில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆகவே 'இன்ஸொம்மா', 'சியோஏ', 'மகாரி' போன்ற பேச்சின் பசைச் சொற்கள் கிடையாது. வாய்மொழித் தேர்வில் யோசிக்க நேரம் வாங்கித் தருபவை இவையே. இவற்றை அட்டையில் கற்பது வீண். ஒலிப்பதிவு விரிவுரை ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டு, ஒவ்வொன்றும் வரும் இடத்தில் நிறுத்தி, முந்தின வாக்கியத்தோடு சேர்த்துத் திருப்பிச் சொல்வதுதான் வழி. கட்டுரை இணைப்புச் சொற்களும் குறைவு. அவற்றில் 'ஒவ்வேரோ'வை மட்டும் இங்கே எச்சரித்துவைக்கலாம்: பொது எழுத்தில் 'அதாவது', சட்ட, நிர்வாக எழுத்தில் 'அல்லது'. விதிமுறையில் இரண்டு ஆவணங்களுக்கு நடுவே இது வந்தால் ஏதாவது ஒன்று போதும் என்பதே வழக்கமான பொருள். உயர் கைவச அடுக்கின் வீட்டுச் சொற்கள், கரண்டி முதல் கழிவுநீர்க் குழாய் வரை, எந்தச் சட்டத்திலும் வராது. விடுதிச் சமையலறையே அதற்கு வகுப்பு.

அளந்து பார்த்தல்

12-ஆம் வார முடிவில் மூன்று சோதனைகள். முதலில் 13 முதல் 54 வரையுள்ள பிரிவுகளில் இதுவரை படிக்காத ஒன்றைக் கண்ணை மூடித் தேர்ந்தெடுத்து, அகராதியின்றிப் படித்து, தெரியாத சொற்களை அடிக்கோடிட வேண்டும். 50 சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் போகாவிட்டால் 98 விழுக்காட்டைத் தொட்டாயிற்று. நான்குக்கு மேல் போனால் பயிற்சி வெறும் அட்டை விளையாட்டாக நடந்திருக்கிறது. 480-இல் ஐம்பதை எடுத்து வாக்கியங்களை மாற்றி எழுதிப் பார்த்தால் எங்கே கோளாறு என்று தெரியும், பெரும்பாலும் முன்னிடைச்சொல்லிலும் பால் மாற்றத்திலும்.

இரண்டாவது, 34-ஆவது பிரிவைத் தன் சொற்களில் மூன்று நிமிடம் விளக்கி, ஃபோனில் பதிவு செய்து கேட்பது. 'ஃபாரெ', 'பொதேரெ', 'கோஸா' மூன்றும் எத்தனை முறை வந்தன என்று எண்ண வேண்டும். நிமிடத்துக்கு இரண்டைத் தாண்டினால், தெரிந்த புதுச் சொற்கள் இன்னும் வாய்க்கு இறங்கவில்லை என்று பொருள். புது அட்டைகளை நிறுத்திவிட்டு, இதே பதிவை இரண்டு நாள் இடைவெளியில் நான்கு முறை செய்ய வேண்டும்.

மூன்றாவது, செக்ரெதெரீயாவுக்கு, அதாவது மாணவர் அலுவலகத்துக்கு, ஒரு மெயில். தற்காலிகப் பட்டியலில் தன் கிரெடிட் எண்ணிக்கை தவறாகப் பதிவாகியிருக்கிறது, இறுதிப் பட்டியலுக்கு முன் திருத்தக் கோருகிறேன் என்பது பொருள். க்ரதுவதோரியா, என்த்ரோ, ரஜ்ஜூன்ஜிமென்தோ, ரிஸுல்தாரெ (பதிவில் தெரிவது), எஸ்ஸெரெ இன் க்ராதோ தி – ஐந்தும் இடம்பெற வேண்டும். எட்டு வரிக்குள் முடிய வேண்டும். எழுதிய சேர்க்கைகள் இயல்பானவைதானா என்று பார்க்க, இலவசமாகக் கிடைக்கும் பைஸா என்ற இணைய உரைத்தொகுப்பில் ஒவ்வொரு தொடரையும் தட்டித் தேடலாம். ஒரு தொடர் அங்கே ஒன்றிரண்டு முறைகூட வரவில்லை என்றால் அதை அழித்துவிட்டு, வந்திருக்கும் அண்டைத் தொடரை எடுத்து எழுதுவது பாதுகாப்பு.